நாஃப்தா 11, செட்டெம்பிரினி 9

போன மாதம் அலமாரியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அடித்தட்டில் இருந்து ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் எழுதிய 'தி மேஜிக் மவுண்டன்' நாவல் கையில் அகப்பட்டது. படித்து முடித்து ஏழெட்டு வருஷம் இருக்கும். முதுகு மடிந்து நடுவில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கனமான புத்தகங்களை எடுத்தால் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, படிக்கும்போது குறிப்புகளை அங்கேதான் எழுதுவேன். அங்கே பென்சிலால் ஒரு மதிப்பெண் பட்டியல் இருந்தது. இடது பக்கம் 'நா', வலது பக்கம் 'செ'. கீழே ஐந்தைந்தாகக் குறுக்கே அடித்த கோடுகள். எண்ணிப் பார்த்தேன். நாஃப்தா 11, செட்டெம்பிரினி 9.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாவலின் இரண்டு ஓயாத வாதக்காரர்கள் அவர்கள். செட்டெம்பிரினி முன்னேற்றத்தையும் அறிவையும் நம்பும் இத்தாலியர். நாஃப்தா பயங்கரத்தையும் கட்டளையையும் கடவுளையும் ஒரே மூச்சில் நியாயப்படுத்தும் யேசு சபைக்காரர். இருவரும் மலை உச்சியில் உட்கார்ந்து, நோயாளியான ஓர் இளைஞனின் மனதைத் தங்கள் பக்கம் இழுக்கப் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள். அதில் சுற்றுக்குச் சுற்று யார் ஜெயித்தார் என்று நான் கோடு போட்டிருக்கிறேன், கேரம் ஆட்டத்துக்குப் போடுவதுபோல.

சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது, இன்னும் விடவில்லை. இருபதாவது கோட்டோடு பட்டியல் நின்றுவிட்டது. ஆனால் நாவலில் சண்டை நிற்கவில்லையே. அதற்கப்புறமும் இருவரும் நிறையப் பேசுகிறார்கள், இன்னும் கடுமையாகவே பேசுகிறார்கள். கோடு போடுவதை நிறுத்த நான் முடிவெடுத்த மாதிரி ஞாபகமே இல்லை. பென்சில் எங்கே நழுவியது? அதைக் கண்டுபிடிக்கத்தான் மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.

எரிச்சலைப் பற்றி முதலில்

தத்துவ நாவல் படிப்பதன் இன்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் அவதியைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். நான் இந்த நாவலை மூன்று முறை பாதியில் விட்டவன். முதல் முறை நூறு பக்கத்தில். அந்த இளைஞன் ஹான்ஸ் காஸ்டார்ப், தாவோஸ் என்ற சுவிஸ் மலையூரில் காசநோய்க்கான சானடோரியத்தில் இருக்கும் தன் உறவினனைப் பார்த்துவிட்டு வர மூன்று வாரத்துக்குப் போகிறான். நூறு பக்கம் போயும் அவன் வந்து இரண்டு நாள்கூட ஆன மாதிரி தெரியவில்லை. சாப்பிடுகிறான், போர்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறான், மறுபடி சாப்பிடுகிறான். மூடி வைத்துவிட்டேன்.

இரண்டாவது முறை விட்ட இடம் இன்னும் மோசம். நாவலின் நடுவில், அவன் இத்தனை நாள் தூரத்தில் இருந்தே பார்த்து ஏங்கிய பெண்ணிடம் முதன்முறையாக மனம் விட்டுப் பேசும் இரவு வருகிறது. நானும் அவனோடு சேர்ந்து அதற்காகவே காத்திருந்தேன். பக்கத்தைத் திருப்பினால் உரையாடல் பிரெஞ்சில் போகிறது! ஜெர்மன் மூலத்திலேயே அப்படித்தான். நான் வைத்திருந்த, 1927-இல் வந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் அந்தப் பிரெஞ்சை அப்படியே விட்டுவைத்திருந்தது. கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டுவிட்டு விளக்கை அணைத்தால் எப்படி இருக்கும்? அந்நிய மொழியில் பேசும்போது பொறுப்பில்லாமல், கனவில் பேசுவதுபோலப் பேசலாம் என்று அவன் நினைப்பதால்தான் அது பிரெஞ்சு என்று பிற்பாடு புரிந்தது. புரிந்தபின் ரசித்தேன், சரி. அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

மூன்றாவது முறை அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டுப் போனேன். நாஃப்தா வந்தார். அவர் வாயைத் திறந்த பத்தாவது பக்கத்தில் எனக்குத் தூக்கம். அவர் பேச்சைப் பின்தொடர இடைக்காலத் திருச்சபை தெரிய வேண்டும், பொருளாதாரம் தெரிய வேண்டும், ஃப்ரீமேசன்கள் யாரென்று தெரிய வேண்டும். எனக்கு மூன்றுமே அரைகுறை. இந்த வகை நாவல்கள் தரும் தாழ்வுணர்ச்சி தனி ரகம். ஒரு தத்துவ நூல் புரியவில்லை என்றால், அது நமக்கான துறை இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நாவல் புரியவில்லை என்றால் அப்படித் தப்பிக்க முடியாது. கதை கேட்கக்கூடத் தெரியாதவனாகிவிட்டோமோ என்று குறுகிப்போகிறோம்.

அப்புறம் அடிக்கோடு என்னும் வியாதி. மற்ற நாவல்களில் ஒரு பிடித்த வரிக்குக் கீழே கோடு போட்டால் அது தனியாக நிற்கும். இங்கே பாதிப் பக்கத்துக்குக் கோடு விழுகிறது. ஒருவர் சொன்னதற்குக் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் அடுத்தவர் அதை அடித்து நொறுக்குகிறார். அதற்கும் கோடு. மறுநாள் பார்த்தால் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கருத்தையும் அதே பென்சிலால் ஆமோதித்திருக்கிறேன். அந்த எரிச்சலில்தான் மதிப்பெண் போடத் தொடங்கியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. யாராவது ஒருவர் ஜெயித்துத் தொலைத்தால் நிம்மதியாகப் போய்விடும் அல்லவா.

"இதைக் கட்டுரையாகவே எழுதியிருக்கலாமே?"

நாவல் படிக்காத, ஆனால் நன்றாக யோசிக்கக்கூடிய ஒரு நண்பன் உண்டு. அப்போது அவனிடம் இந்த அவதியைப் புலம்பியபோது அவன் கேட்டது இதைத்தான். "கருத்துதான் முக்கியம்னா கட்டுரையாவே எழுதியிருக்கலாமே, எதுக்கு நடுவுல ஆளுங்க?" நான் ஏதோ மழுப்பினேன். அந்த இரண்டாவது பாதி மட்டும் மனதில் தங்கிவிட்டது. எதுக்கு நடுவுல ஆளுங்க?

ஐரிஸ் மர்டாக் இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் தேடியிருக்க வேண்டியவர். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்துக்கொண்டே நாவல் எழுதியவர், மொத்தம் 26 நாவல்கள். அவரே ஒரு பேட்டியில், தத்துவக் கோட்பாட்டை நாவலுக்குள் கொண்டுவந்து வைப்பது என்றாலே தனக்குப் பெரும் அருவருப்பு என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். முதலில் படித்தபோது எனக்கு இது சற்று நாடகமாகப் பட்டது. மோசமான தத்துவ நாவல்கள் இரண்டு மூன்றைப் படித்து முடித்தபின் ஒத்துக்கொண்டேன். அவற்றில் ஆட்கள் ஒலிபெருக்கியாக இருப்பார்கள். ஆசிரியருக்குப் பிடித்த கருத்தைப் பேசுகிறவன் அழகாக, தீர்க்கமாகப் பேசுவான். எதிர்க்கட்சிக்காரன் தடுமாறுவான், அல்லது கெட்டவனாக இருப்பான். இரண்டு பக்கத்திலேயே வழக்கின் தீர்ப்பு தெரிந்துவிடும். அங்கே ஆட்கள் எதற்கு என்ற நண்பனின் கேள்வி நியாயமானதுதான்.

நல்லதையும் கெட்டதையும் பிரிக்க எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஆசிரியர் தனக்கு ஒவ்வாத கருத்தைச் சொல்லும் ஆளுக்குத் தன்னிடம் இருக்கும் கூர்மையான வாளைக் கொடுத்தாரா, அட்டைக் கத்தியைக் கொடுத்தாரா? இதில் யாரும் தஸ்தயேவ்ஸ்கியை மிஞ்சவில்லை. 'கரமசோவ் சகோதரர்கள்' 1879 முதல் 1880 வரை பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையாளர். ஆனால் குழந்தைகளின் துன்பத்தை முன்வைத்துக் கடவுளின் உலகத்தையே திருப்பிக் கொடுக்கும், சகோதரர்களில் ஒருவனான இவானுக்கு அவர் எழுதிக் கொடுத்த பேச்சு இருக்கிறதே, அந்த வலுவில் எந்த நாத்திகரும் எழுதியதில்லை. படித்த அவருடைய நண்பரும் அரசு உயர் அதிகாரியுமான பொபெதொனோஸ்த்ஸெவ் கவலைப்பட்டு, இதற்கு மறுப்பு எங்கே என்று கேட்டார். தொடர் ஓடிக்கொண்டிருந்த 1879 ஆகஸ்டில் தஸ்தயேவ்ஸ்கி அவருக்கு எழுதிய பதிலை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கொஞ்சம் சிலிர்க்கும். வரப்போகும் பகுதிதான் பதில் என்கிறார். ஆனால் அது வரிக்கு வரி மறுக்கும் பதிலாக இருக்காது, ஒரு மனிதரின் வாழ்க்கைச் சித்திரமாக இருக்கும், அது போதுமானதாக இருக்குமா என்று தனக்கே நடுக்கமாக இருக்கிறது என்கிறார். எழுதியவனே நடுங்கியிருக்கிறான்! அந்தப் பகுதி பதிலாகுமா ஆகாதா என்று இன்றுவரை வாசகர்கள் பிரிந்துதான் நிற்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. ஆனால் அது ஆகாமல் போவதற்கும் ஒரு வாசல் திறந்து வைத்துவிட்டு எழுதியவர் மேல் நம்பிக்கை பிறந்தது.

இருபத்தேழாவது காதையில் ஒரு சிரிப்பு

நமக்கு இது புது அவஸ்தையும் இல்லை. மணிமேகலையில் முப்பது காதைகள். இருபத்தேழாவதில் கதை பொத்தென்று உட்கார்ந்துவிடும். சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. மணிமேகலை தவசி வேடத்தில் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாராகப் போய்க் கேட்கிறாள். அளவைவாதி பிரமாணங்களை அடுக்குகிறார், ஆசீவகர் அணுக்களைச் சொல்கிறார், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர் என்று வரிசை நீள்கிறது. கதைக்காகப் படிப்பவர்கள் தாண்டிப் போகும் இடம் இது என்பது ஊரறிந்த ரகசியம். நானும் வெகுகாலம் தாண்டியவன்தான்.

பின்னால் ஒருமுறை பொறுமையாகப் படித்தபோது வரிசையின் கடைசியில் பூதவாதி வந்தார். கண்ணால் கண்டதுதான் உண்மை, அனுமானம் எல்லாம் கிடையாது, மறுபிறப்பும் கிடையாது என்கிறார். மற்றவர்கள் பேச்சையெல்லாம் மறுக்காமல் கேட்டு வந்தவள் இங்கே சிரித்துவிடுகிறாள். ஏன் என்றால் மணிபல்லவத்தில் தன் முற்பிறப்பைத் தெரிந்துகொண்டவள் அவள். அவளுக்கு அது ஒரு கொள்கை இல்லை, காதலித்தவனை இழந்த துக்கம் அது. முற்பிறப்பை அறிந்தவர் யாருமே இல்லையா என்று கேட்கிறாள். தெய்வ மயக்கமாக இருக்கும், கனவாக இருக்கும் என்று பூதவாதி தள்ளிவிடுகிறார். உன் தாய் தந்தை யாரென்று அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி உனக்குத் தெரியும் என்று திருப்பிக் கேட்கிறாள் அவள்.

தர்க்கமாகப் பார்த்தால் இது ஒரு வரி. எந்தத் தத்துவப் பாடப்புத்தகத்திலும் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு இருக்காது. அத்தனை நேரம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு பெண், அவளுக்கு ஒரு பழைய காயம் உண்டு, இந்த ஆள் தெரியாமல் அதில் கை வைத்துவிட்டான் என்று அந்தச் சிரிப்பில் சட்டென்று தெரிகிறது. நண்பனின் கேள்விக்கு அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். ஆட்கள் எதற்கென்றால், இந்தச் சிரிப்புக்குத்தான்.

பென்சில் நழுவிய இடம்

மறுபடி படிக்கையில் ஓரத்தில் இருந்த சிறு குறிகளைக் கொண்டு சுற்றுக்களை எண்ணிக்கொண்டே போனேன். சங்கீதம், சித்திரவதை, நோயின் பெருமை, அரசு. நாஃப்தாவுக்கு இவ்வளவு கோடுகள் கொடுத்திருப்பது எனக்கே சங்கடமாக இருந்தது. அவர் சொல்லும் உலகத்தில் நான் ஒரு நாள்கூட வாழ மாட்டேன். ஆனால் வாதத்தில் கெட்டிக்காரர். நமக்குப் பிடிக்காத ஒருவர் சரியாகப் பேசும்போது வயிற்றில் ஒரு அசௌகரியம் வருமே, இந்த நாவல் தரும் இன்பங்களில் அது முக்கியமானது என்பேன். செட்டெம்பிரினி சொல்வதோடு எல்லாம் எனக்கு உடன்பாடு. ஆனால் சலிப்பூட்டுகிறார்.

பனிப்புயல் அத்தியாயம் வந்தது. காஸ்டார்ப் தனியாகச் சறுக்கப் போய், வழி தவறி, சாவின் விளிம்பில் ஒரு கனவு காண்கிறான். அதிலிருந்து ஒரு பெரிய வாக்கியம் அவனுக்குப் பிறக்கிறது. ஆசிரியர் அந்த ஒரு வாக்கியத்தைச் சாய்வெழுத்தில் வேறு போட்டிருக்கிறார். அப்பாடா, நாவலின் சாரம் கிடைத்தது என்று முதல் வாசிப்பில் நான் இரட்டைக் கோடு போட்டிருக்கிறேன். ஆனால் அதே அத்தியாயத்தின் கடைசி வரிகளை அன்றைக்குக் கவனிக்கவில்லை போல. காஸ்டார்ப் திரும்பி வந்து நன்றாகச் சாப்பிடுகிறான். கண்ட கனவு மங்கத் தொடங்குகிறது. தான் யோசித்ததே அன்று இரவு அவனுக்குச் சரியாகப் புரியவில்லை. சாரத்தைக் கையில் கொடுத்த அடுத்த பக்கத்திலேயே பிடுங்கிக்கொள்கிறார் மன். இந்த முறை அங்கே புத்தகத்தை வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அப்படித்தானே. படிக்கும்போது தலைக்குள் வெளிச்சமாக இருந்த எத்தனையோ பக்கங்கள், விளக்கை அணைத்துப் படுப்பதற்குள் போய்விட்டிருக்கின்றன.

கோடுகள் அதற்குப் பிறகும் தொடர்ந்தன. கடைசி அத்தியாயத்தில் பேப்பர்கோர்ன் வந்தார். ஜாவாவில் தோட்டம் வைத்திருக்கும் டச்சுக்காரர், வயதானவர், பெரிய உருவம். காஸ்டார்ப் ஏங்கிக் கிடந்த அந்தப் பெண்ணே அவரை அழைத்து வந்துவிட்டாள். அவருக்கு ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லத் தெரியாது. தொடங்குவார், கையை உயர்த்துவார், விரலால் ஒரு வட்டம் போடுவார், 'முடிந்தது' என்று நிறுத்திவிடுவார். என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் நடை போகிறார்கள். நாஃப்தாவும் செட்டெம்பிரினியும் வழக்கம்போல மோதிக்கொள்கிறார்கள். வாதம் உச்சத்தில் இருக்கிறது. பேப்பர்கோர்ன் வானத்தைக் காட்டுகிறார். உயரத்தில் ஒரு கழுகு வட்டமிடுகிறது. வாக்கியம் முடிக்கத் தெரியாத மனிதர், அந்தக் கழுகைப் பற்றி மட்டும் ஆவேசமாகப் பேசுகிறார். எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார்கள். வாதக்காரர்கள் இருவரும் கூட.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறி இல்லை. அதற்கடுத்த பக்கங்களிலும் இல்லை. இங்கேதான். வாதத்தின் நடுவில் நானும் அவர்களோடு அண்ணாந்து பார்த்திருக்கிறேன். யார் ஜெயித்தார் என்று போட மறந்துபோயிருக்கிறது, மறந்தது தெரியாமலே மேலே படித்துக்கொண்டு போயிருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து என் பென்சில் விழுந்த இடத்தைப் பார்ப்பது வினோதமாக இருந்தது. மன் என்னைப் பார்த்துக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி.

இங்கே ஒரு எச்சரிக்கை, எனக்கே சொல்லிக்கொள்வது. பேச்சைவிட வாழ்க்கை பெரிது, வாதத்தைவிடக் கழுகு பெரிது என்று ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆசையாக இருந்தது. இரண்டு நாள் அந்த மயக்கத்தில்தான் இருந்தேன். நாவல் அதையும் விடவில்லை. அடுத்து ஓர் அருவிக்குப் போகிறார்கள். பேப்பர்கோர்ன் அருவியின் முன் நின்று பெரிய சொற்பொழிவு ஆற்றுகிறார். அருவி இரைச்சலில் ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை. அன்று இரவே அவர் விஷம் ஏற்றிக்கொண்டு செத்துப்போகிறார். வாழ்க்கையின் பக்கம் நின்றவர் என்று நான் கோடு போட நினைத்த ஆள்! மிச்சமிருந்த இரண்டு வாதக்காரர்களின் சண்டையும் துப்பாக்கிக்கு வந்து நிற்கிறது. செட்டெம்பிரினி வானத்தை நோக்கிச் சுடுகிறார். நாஃப்தா அவரைக் கோழை என்று திட்டிவிட்டுத் தன் தலையிலேயே சுட்டுக்கொள்கிறார். இதற்கு யாருக்கு மதிப்பெண் போடுவது?

எழுதியவரும் மாறிக்கொண்டிருந்தார்

மன் இந்த நாவலை எழுத நேர்ந்த விதமே இந்தத் தீராமைக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1912-இல் அவர் மனைவி காத்யா தாவோஸ் சானடோரியத்தில் இருந்தார். பார்க்கப் போனவர் மூன்று வாரம் தங்கினார். அவருக்கும் சளி பிடிக்க, மருத்துவர் நுரையீரலைத் தட்டிப் பார்த்து நீங்களும் சில மாதம் இங்கேயே இருப்பது நல்லது என்றாராம். மன் கீழே இறங்கி வந்துவிட்டார். அவர் இருக்காத வருஷங்களைக் காஸ்டார்ப் இருக்கிறான், ஏழு ஆண்டுகள். 1913-இல் ஒரு சின்ன வேடிக்கைக் கதையாகத் தொடங்கியது, நடுவில் உலகப் போர் வந்து நின்றுபோனது. போர்க் காலத்தில் மன் முன்னேற்றம் பேசும் எழுத்தாளர்களைத் தாக்கி ஒரு பெரிய நூலே எழுதினார், 1918-இல் வந்தது. அன்றைய மன்னுக்குச் செட்டெம்பிரினி வகையறாவைக் கண்டாலே ஆகாது. ஆனால் 1922-இல் அதே மன் மேடையேறி ஜெர்மன் குடியரசை ஆதரித்துப் பேசினார். நாவல் வெளியானது 1924-இல். செட்டெம்பிரினியைக் கேலி செய்யத் தொடங்கிய கையே முடிவதற்குள் அவர் பக்கம் பாதி சாய்ந்திருக்கிறது. கேலியையும் அழிக்கவில்லை, சாய்வையும் மறைக்கவில்லை. கட்டுரை எழுதுகிறவர் கருத்து மாறினால் பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டு வேறு எழுத வேண்டும். நாவலாசிரியரால் இரண்டையும் இரண்டு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு நகர முடிகிறது.

பின்னாளில் பிரின்ஸ்டன் மாணவர்களிடம் பேசும்போது, இந்த நாவலை இரண்டு முறை படியுங்கள் என்று மன் கேட்டுக்கொண்டார். ஆயிரம் பக்கத்துக்குச் சற்று முன்னும் பின்னுமான புத்தகத்தை எழுதிவிட்டு இப்படிக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று முன்பு கடுப்பாகியிருக்கிறேன். இப்போது கேட்டபடியே செய்துவிட்டேன், கடுப்பு முழுசாகத் தீரவில்லை. நாஃப்தாவின் சில பக்கங்கள் இரண்டாம் முறையும் எனக்குக் கல்லாகவே இருந்தன. அவற்றைப் புரிந்துகொண்டதாக நடிக்கப் போவதில்லை. சுருக்கியிருக்கலாம் என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் எதைச் சுருக்குவது என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கங்களைக் காட்டுவேன்.

படித்து முடித்த வாரமே புத்தகத்தை அந்த நண்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேள்வி கேட்டவன் அவன்தானே. பிரெஞ்சுப் பக்கங்கள் வந்தால் பயப்படாதே, தாண்டிப் போ என்று மட்டும் சொன்னேன். நேற்று அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தான், பாதிக்குமேல் தாண்டியிருந்தது. அவன் உள்ளே போயிருந்த நேரம் மெதுவாகக் கடைசித் தாளைத் திறந்தேன். என் பட்டியலுக்குக் கீழே நீல மையில் புதிதாக இரண்டு வரிசைக் கோடுகள். செட்டெம்பிரினி 4, நாஃப்தா 1.